கட்டுக்கம்பி போட்ட மெஷின்

மரம் வெட்டும் தொழிலில் இருப்பவனைப் பார்த்தால் எல்லோரும் உயரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பயமாக இருக்காதா, கயிறு அறுந்தால் என்ன ஆகும், குளவி கொட்டாதா என்று. வெட்டிய கிளை எங்கே போகிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. எங்களுக்கோ கவலையெல்லாம் அதில்தான். கோவை வடவள்ளிப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தைக் கவாத்து செய்ய அரை நாள் போதும். இறக்கிய கிளையைத் தெருவை விட்டு அகற்ற மீதி அரை நாளும் போகும், சில சமயம் மறுநாளையும் தின்னும். மணிக்கட்டுத் தடிமனுக்கு மேல் இருப்பதில் தொந்தரவில்லை. விறகுக்கடைக்காரர் எடைபோட்டு எடுத்துக்கொள்வார். இல்லாவிட்டால் பக்கத்துத் தெருப் பெண்கள் கட்டித் தூக்கிக்கொண்டு போவார்கள். மிஞ்சுவது இலையும் சுள்ளியும் கவட்டைக் கிளைகளும். குட்டியானையில் ஏற்றினால் வண்டி நிறைந்துவிடும், எடையே ஏறாது. டீசல் போட்டு ஊருக்கு வெளியே கொண்டுபோவதில் பாதிக்கு மேல் வெறும் காற்றுதான்.

முன்பெல்லாம் காலி மனையில் குவித்துத் தீ வைத்துவிடுவார்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையைத் தெருவிலோ பொது இடத்திலோ எரிக்கக் கூடாது என்கின்றன. தோட்டக்கழிவை அவரவர் வளாகத்துக்குள் தனியாக வைத்திருந்து, உள்ளாட்சி சொல்கிறபடி அப்புறப்படுத்த வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. விதியைவிட அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்குத்தான் பலம் அதிகம். புகை எழுந்த சூட்டோடு படம் வந்துவிடும். செங்கல் சூளைகளுக்குக் கொஞ்சம் தள்ளிவிட்ட காலமும் இருந்தது. 2021-ல் தடாகம் பள்ளத்தாக்கில் சூளைகளை மூடிய பிறகு அந்த வழியும் அடைபட்டது.

அதனால்தான் சிப்பர் வாங்கும் யோசனை வந்தது. கிளையை உள்ளே விட்டால் விரல்நுனி அளவுச் சில்லுகளாக வெளியே துப்பும். நாலைந்து வண்டி லோடு ஒரே லோடாகச் சுருங்கும். புதிதாக வாங்க என்னால் முடியாது. வேளாண்மைப் பொறியியல் துறையின் மானியம் விவசாயிகளுக்கானது. நகரத்தில் மரம் வெட்டுகிறவன் எந்தக் கணக்கிலும் வரமாட்டான். ஆக, செகண்ட் ஹேண்ட். அந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த ஒரு துண்டுக் கட்டுக்கம்பியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். ரொம்ப நாளாக மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எத்தனை மணி நேரம் ஓடியது?

பழைய மெஷின் வாங்கப் போகிறேன் என்றதும் ஆளாளுக்குச் சொன்ன ஆலோசனை, ஓடிய மணி நேரத்தைப் பார் என்பதுதான். சொந்த எஞ்சின் உள்ள சிப்பருக்கு அது சரி. எங்கள் பக்கம் கிடைப்பதில் பெரும்பாலானவை டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டில் மாட்டி ஓட்டுபவை. நிமிடத்துக்கு 540 சுற்றில் டிராக்டர் சுழற்றிக் கொடுக்கும், இது அரைக்கும். மணிக்கணக்கு டிராக்டரின் மீட்டரில் ஏறுமே தவிர சிப்பரில் ஏறாது. அந்த டிராக்டர் உழவுக்கும் போயிருக்கும், தேங்காய் லோடுக்கும் போயிருக்கும். "ரொம்பக் கம்மியாத்தான் ஓடுச்சுங்க" என்று விற்பவர் சொன்னால் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். ஒத்துப்பார்க்க எதுவுமில்லை.

டிஸ்க்கா டிரம்மா என்று இன்னொரு பட்டிமன்றம் உண்டு. கனமான இரும்புத் தட்டின் முகத்தில் கத்திகள் பொருத்தியிருந்தால் டிஸ்க். உருளையின் உடம்பில் பொருத்தியிருந்தால் டிரம். டிஸ்க்கில் சில்லு ஒரே சீராக வரும், பிரித்துப் பார்க்கவும் எளிது. டிரம் எதையும் வெறியோடு இழுக்கும், இலை தழையோடு கூடிய புதரைச் சமாளிக்கும். இரண்டிலும் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. அதில் நான் நேரம் செலவழிக்கவில்லை. இத்தனை தடிமன் கிளை வரை போகும் என்று மெஷினின் பட்டியலில் எழுதியிருக்கும் 6 அங்குலத்தைத்தான் நம்பக்கூடாது. அது பச்சையான மென்மரத்துக்கு எழுதியது. காய்ந்த புளியங்கிளையோ கருவேலமோ போட்டால் பாதியில் மூச்சு முட்டும். பார்க்கப் போகிறவரிடம் முருங்கைக் கிளையைப் போட்டுக் காட்டுவார்கள். முருங்கையை அரைக்க மெஷின் எதற்கு, கையால் ஒடிக்கலாமே.

ஆனைமலைத் தோப்பில்

நான் பார்க்கப் போனது ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்காரர் பெரியவர். வேர்வாடல் நோய் வந்து மரங்களை வரிசை வரிசையாக வெட்டிவிட்டிருந்தார். அந்த நோய்க்கு மருந்து கிடையாது; வந்த மரத்தை எடுப்பதுதான் வழி. மட்டையை அரைத்து மரத்தடியில் மூடாக்குப் போட வாங்கிய மெஷின் அது, சீனாவில் செய்தது, ஹைட்ராலிக்கில் கிளையை உள்ளிழுக்கும் உருளைகள் உண்டு. தோப்பு பாதியானதும் மெஷினுக்கு வேலை இல்லை. 1,80,000 ரூபாய் சொன்னார்.

என் வண்டியில் காய்ந்த வேப்பங்கிளை, புளியின் ஒரு கவட்டை, இலையோடு ஒரு கொன்றைக் கிளை எல்லாம் ஏற்றிக் கொண்டுபோயிருந்தேன். பெரியவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏந் தம்பி, பொண்ணு பாக்க வர்றவன் சாப்பாடு கட்டிட்டு வந்த மாதிரி இருக்குதே!" சிரிப்புக்கு நடுவிலும் ஒன்று கவனித்தேன். மெஷினை ஓட்டுகிற ஆள் வேப்பங்கிளையை ஒரு முறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஓட்டுவதற்கு முன்னால் மூடியைத் திறந்து பார்க்கவேண்டும். பி.டி.ஓ. தண்டைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டுத்தான் திறக்கலாம். இந்தத் தட்டுக்கும் டிரம்முக்கும் எடை அதிகம். எஞ்சினை நிறுத்திய பிறகும் நிமிடக்கணக்கில் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். சத்தம் நின்றுவிட்டது என்று நம்பித் திறந்தவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள். உள்ளே முதலில் பார்க்கவேண்டியது கத்தியின் அகலம். ஒவ்வொரு முறை சாணை பிடிக்கும்போதும் கத்தி கொஞ்சம் குறுகும். ஒரு அளவுக்குக் கீழே போனால் போல்ட் பிடிக்க இடம் போதாது. இதில் அகலம் நிறையவே மிச்சமிருந்தது. பெரியவர் அதைக் காட்டிப் பெருமையாக, "பாருங்க, புதுக்கத்தி மாதிரியே இருக்குது" என்றார். எனக்கும் அப்போது அது நல்ல சேதியாகத்தான் பட்டது. சாணையே பிடிக்காத கத்திக்கும் அகலம் குறையாது என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அடுத்து போல்ட். கத்தியைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு போல்ட் தலையிலும் 8.8, 10.9, 12.9 என்று ஏதோ ஒரு எண் பொறித்திருக்கும். அது அந்த இரும்பின் வலிமை. ஒரு கத்தியில் மூன்று போல்ட்டில் எண் இருந்தது, நான்காவது மொட்டையாக இருந்தது. அது ஏதோ ஒரு சாயங்காலம், வேலை நிற்கக்கூடாது என்று பக்கத்துக் கடையில் வாங்கிப் போட்டது. அந்த வேகத்தில் சுற்றும் தட்டிலிருந்து ஒரு கத்தி கழன்றால் என்ன ஆகும் என்று விவரிக்கத் தேவையில்லை. பேரிங்கைக் கடப்பாரை வைத்து நெம்பிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. கியர்பாக்ஸ் ஆயில் கறுத்திருந்தது, தண்ணீர் சேரவில்லை. தண்டின் ஒரு பக்கம் பன்னாடை இறுகச் சுற்றிக் கிடந்தது. தென்னையை அரைத்த எந்த மெஷினிலும் இது இருக்கும். மட்டை வெட்டுப்படும், பன்னாடை வெட்டுப்படாமல் போய்ச் சுற்றிக்கொள்ளும். அப்புறம் தென்னை மட்டையில் சிலிக்கா உண்டு, கத்தி முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். ஆகத் தென்னந்தோப்பிலிருந்து வரும் சிப்பரை வாங்குகிறவர்கள் எதைப் பார்க்காவிட்டாலும் கத்தியைப் பார்க்கவேண்டும்.

வெளியே, கிளையை நுழைக்கும் வாயைச் சுற்றி வளைத்தாற்போல் ஒரு சிவப்புப் பைப் இருந்தது. தெரியாதவர்கள் அதைக் கைப்பிடி என்று நினைப்பார்கள். அது நிறுத்தும் பைப். அதைத் தள்ளினால் உருளைகள் நிற்கும், இன்னொரு பக்கம் இழுத்தால் பின்னால் சுற்றும். சட்டையோ கயிறோ மாட்டிக்கொண்டு ஆள் உள்ளே இழுபடும்போது, கையைத் தூக்கிப் பட்டனைத் தேட முடியாது. உடம்பே போய் அந்தப் பைப்பில் மோதும், மோதியதும் நிற்கும். சிப்பர்களுக்கு என்றே இருக்கும் இ.என். 13525 என்கிற ஐரோப்பியத் தரவிதி இந்தப் பைப் இருந்தாகவேண்டும் என்கிறது. கையை உயர்த்த முடியாத நிலையில் மனிதன் இருப்பான் என்பதை முன்கூட்டியே யோசித்துச் செய்த பொருள் அது.

இந்த மெஷினில் அந்தப் பைப்பை இரண்டு பக்கமும் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். சென்ட்ரிங் வேலையில் கம்பி கட்டுவார்களே, அதே கம்பி. விற்பதற்காக வாய்ப்பகுதிக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அடித்தவர் கம்பியை அவிழ்க்காமல் கம்பியின் மேலேயே அடித்திருந்தார்.

யாரையும் ஏமாற்ற மறைத்ததில்லை அது. மறைக்க நினைத்திருந்தால் அவிழ்த்துப் போட்டிருப்பார்கள், ஒரு நிமிட வேலை. மெஷினோடு பிறந்த பாகம் என்று எல்லோரும் நினைக்கும் அளவுக்கு அந்தக் கம்பி அங்கே பழகிப்போயிருந்தது. என்னை உலுக்கியது அதுதான். பெரியவர் உள்ளே மோர் எடுக்கப் போனபோது ஓட்டுகிறவரிடம் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, இதெதுக்குக் கட்டியிருக்குது?"

"கட்டலைன்னா வேல நடக்காதுங். தொட்டாப் போதும், நின்னு போயிருதுங்."

"எத்தன நாளாக் கட்டியிருக்கு?"

"அது வாங்குன கொஞ்ச நாள்லயே கட்டிட்டமுங். முன்னால இருந்த கான்ட்ராக்டர்காரர் கட்டுனதுங்." கொஞ்சம் யோசித்து, "மட்டைக்கு இவ்வளவுன்னு கூலிங். நின்னு நின்னு போனா அவிங்க என்னத்தத் திங்கறது?" என்றார்.

பிறகு ஓட்டிக் காட்டினார். கம்பியை அவிழ்க்கச் சொன்னேன். கொன்றை போனது. வேப்பங்கிளை பாதி போய்த் துள்ளியது, உருளையின் பல் பட்டையை உரித்துக்கொண்டு வழுக்கியது. அவர் இடுப்பைக் கொடுத்துத் தள்ளினார், பைப்பில் இடுப்பு பட்டது, உருளை நின்றது. பின்னால் இழுத்து மறுபடி விட்டார். மறுபடி துள்ளல், மறுபடி தள்ளல், மறுபடி நின்றது. புளியங்கவட்டையை நானே போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்து விழுந்ததும் சில்லில்லை. நாரும் பிசிறுமாக இருந்தது.

கணபதி லேத் பட்டறையில் கிடைத்த விளக்கம்

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். பாதுகாப்பைக் கட்டிப்போட்டு ஓட்டிய மெஷினை வாங்கக் கூடாது என்பது நல்ல கொள்கைதான். பேரிங்கும் கியர்பாக்ஸும் நன்றாக இருந்ததால் மனசு ஒப்பவில்லை. சின்ன அட்வான்ஸ் கொடுத்து, ஒரு கத்தியையும் அந்த மொட்டைப் போல்ட்டையும் கழற்றி வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர் வந்தேன்.

கணபதியில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறை மேஸ்திரி கத்தியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முனையில் கட்டைவிரலை வைத்து இழுத்தார், கீறல்கூட விழவில்லை. நான் நிறுத்தும் பைப் கதையைச் சொன்னேன். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தது, இந்தப் பைப்பின் வால்வில் ஏதோ கோளாறு, ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அதனால்தான் தொட்டதும் நிற்கிறது என்பது. மேஸ்திரி முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"வால்வெல்லாம் நல்லாத்தானுங்க இருக்கும். கத்தி வெட்டுனா கிளை தானா உள்ள போகும், ஆளுக்கு அங்க வேலையே இல்ல. இது வெட்டறதில்லீங்க, கடிச்சுப் பிய்க்குது. பிய்ச்சா கிளை துள்ளும். துள்ளுனா ஆளு தள்ளுவான். தள்ளுனா பைப்பு மேல சாய்வான், மெஷின் நிக்கும். நின்னாக் கட்டுவான்."

இதுதான் எனக்குள் ஏதோ ஒன்றைப் புரட்டிப் போட்டது. அதுவரை அந்தக் கம்பியை நான் ஒரு குணமாகப் பார்த்திருந்தேன். அலட்சியமான ஆட்கள், படிக்காத ஆட்கள், உயிருக்குப் பயமில்லாத ஆட்கள் என்று. மேஸ்திரி சொன்னதில் குணமே வரவில்லை; சாணைதான் வந்தது. கத்தி மழுங்கியது, சாணைக்குக் கொண்டுபோனால் ஒரு நாள் போகும். மட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவனுக்கு அந்த ஒரு நாளுக்குச் சம்பளம் கிடையாது, சாணைக் காசும் அவன் தலையில்தான். தோப்புக்காரரோ மெஷினைக் கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது என்று இருந்திருக்கிறார். ஆனைமலையிலிருந்து நல்ல சாணைக்குப் பொள்ளாச்சிக்காவது போகவேண்டும். யார் போவார்? மொட்டைப் போல்ட்டும் அப்படித்தான் வந்திருக்கும். அந்த மெஷினில் நான் பார்த்த ஒவ்வொரு குறைக்கும் பின்னால் யாருக்கும் சம்பளம் இல்லாத ஒரு நாள் இருந்தது.

இது சிப்பரோடு பிறந்த சிக்கல் இல்லை. பசுமைப் புரட்சிக்குப் பின் பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசப் பக்கம் கோதுமை அடிக்கும் திரெஷர் பரவலானபோது, கதிரைத் தள்ளப் போன கைகள் ஏராளமாகத் துண்டாயின. அதற்காகவே 1983-ல் நாடாளுமன்றத்தில் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று தனியாக ஒன்று கொண்டுவந்தார்கள். கை உள்ளே எட்டாதபடி கதிர் நுழைக்கும் சரிவை நீளமாக்கி மேலே மூடி போடவேண்டும் என்று தரவிதிகள் வந்தன. மூடி போட்ட சரிவில் கதிர் மெதுவாகப் போகும். மழை வருவதற்குள் களத்தைக் காலி செய்யவேண்டியவனுக்கு அது பொறுக்குமா? அறுவடைக் களத்து அவசரம் மேலே வானத்தில் இருக்கிறது, அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. மட்டைக்கூலி அவசரத்தை மனிதன் உட்கார்ந்து ஏற்படுத்தினான்.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது என் ஆட்களுக்கு நான் எப்படிக் கூலி கொடுக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. லோடுக்கு இவ்வளவு. கிளையை அகற்றும் வேலைக்கு எங்கள் ஊரில் எல்லோரும் கொடுக்கும் முறை அதுதான், ஆட்களுக்கும் அதுவே பிடிக்கும். சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் வீடு. மெஷின் இல்லாதபோது அதில் கெடுதல் இல்லை. வேகமாகத் தூக்கினால் தோள் வலிக்கும், அவ்வளவுதான். அதே கூலியோடு இந்த மெஷினை என் ஆட்களிடம் கொடுத்தால், ஆடி மாதத்துக்குள் கம்பி திரும்ப வந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் கோவையை அடிக்கும் அடியில் எங்களுக்கு ஒரே நாளில் பல இடத்திலிருந்து போன் வரும். அன்றைக்கு யாராவது பைப்பைத் தொட்டு மெஷின் நின்றால், கட்டச் சொல்கிற முதல் ஆள் ஒருவேளை நானாகவே இருப்பேன்.

வாங்கிய பிறகு

வாங்கினேன். மழுங்கிய கத்தியையும் மொட்டைப் போல்ட்டையும் மேசையில் வைத்துப் பேசியதில் 1,35,000-க்குப் படிந்தது. பெரியவருக்குக் கோபமில்லை. "கத்திய யாரு தம்பி பாத்தா" என்றார், அவ்வளவுதான்.

முதலில் செய்தது இரண்டாவது செட் கத்தி. கரியும் குரோமியமும் அதிகமுள்ள எச்.சி.எச்.சி.ஆர். ஸ்டீலில் மேஸ்திரியே செய்து பதம் வைத்துக் கொடுத்தார். ஒரு செட் மெஷினில், ஒரு செட் சாணையில். மழுங்கியதென்றால் மாற்றிவிட்டு வேலை ஓடும். சாணைக்காக எவனும் ஒரு நாளை இழக்க வேண்டியதில்லை. போல்ட் அத்தனையையும் எறிந்துவிட்டு ஒரே தரத்தில் மாற்றினோம். எதிரே அசையாமல் இருக்கும் நிலைக்கத்தியின் முனையும் உருண்டிருந்தது, திருப்பிப் போட்டு இடைவெளியைச் சரிசெய்தோம். சுற்றும் கத்தியை எத்தனை கூராக்கினாலும் இந்த இடைவெளி அகலமாக இருந்தால் இலைக்காம்பும் நாரும் மடங்கித் தப்பித்துப் போகும். முதல் நாள் அதே வேப்பங்கிளையைப் போட்டபோது யாரும் தொடவில்லை. உருளை பிடித்தது, போய்விட்டது. பைப்பில் ஒருவர் இடுப்பும் படவில்லை.

துணிமணி விஷயத்தில்தான் சண்டை. மரத்தடி வேலைக்கு லுங்கியும் தோளில் துண்டும்தான் எங்கள் ஆட்களின் உடை. மெஷின் பக்கத்தில் இரண்டும் கூடாது. டிராக் பேன்ட் வாங்கிக் கொடுத்தேன், மூத்த அண்ணன் ஒருவர் ரொம்ப நாள் அதைப் போட மறுத்தார். ஏறும் கயிறு இன்னும் ஆபத்து. தரையில் கிளையோடு கலந்து கிடக்கும் கயிற்றின் நுனியைச் சிப்பர் பிடித்தால், மறுநுனியில் மரத்தின் மேல் ஆள் இருப்பார். கயிறு பையில் ஏறி வண்டிக்குள் போன பிறகுதான் பி.டி.ஓ. சுற்றும். குட்டைக் குச்சிகளைக் காலால் எத்தி உள்ளே தள்ளும் பழக்கத்தை நிறுத்த ஒரு நீளக் கவைக்கோல் செய்து வைத்தோம். இன்னொரு தலைவலி ஆணி. அடுக்குமாடி வளாகத்து மரங்களில் சீரியல் விளக்குக்காக அடித்தது, தெரு மரங்களில் டியூஷன் சென்டர் போர்டுக்காக அடித்தது. மரம் வளர்ந்து ஆணியை உள்ளே விழுங்கிவிடும், வெளியே தெரியாது. ஒரு ஆணி ஒரு செட் கத்தியின் முனையைப் பல்லாக்கிவிடும். மரத்தில் போர்டு அடிக்கிறவர்களைப் பற்றி எனக்கு முன்பும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை, இப்போது சாணை பில்லும் சேர்ந்திருக்கிறது.

கூலியை நாள் சம்பளமாக மாற்றியதுதான் கடினமான பகுதி. ஆட்கள் சந்தேகப்பட்டார்கள், சீக்கிரம் முடித்தாலும் சாயங்காலம் வரை உட்கார வைப்பேனோ என்று. வேலை முடிந்தால் முழுச் சம்பளத்தோடு கிளம்பலாம் என்று சொல்லி, சொன்னபடி நடந்துகாட்டக் கொஞ்ச காலம் பிடித்தது. வாடிக்கையாளர்களிடம் விலை ஏறியது. கிளை அகற்றுவதையும் சேர்த்து நான் சொல்லும் விலையைக் கேட்டுச் சிலர் போனை வைத்துவிடுகிறார்கள். லோடுக் கூலிக்குச் செய்யும் ஆட்கள் என்னைவிடக் குறைவாகவே சொல்கிறார்கள், அவர்கள் கிளையை எங்கே கொட்டுகிறார்கள் என்று வீட்டுக்காரர் கேட்பதில்லை. சில வளாகங்கள் மட்டும் சில்லு எங்களுக்கே வேண்டும் என்பதால் தொடர்ந்து கூப்பிடுகின்றன.

சில்லுக்கு ஆள் கிடைப்பது நான் பயந்த அளவுக்குச் சிரமமாக இல்லை. பாய்லர்காரர்கள் எடுப்பார்கள் என்று முதலில் எண்ணியிருந்தேன். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கு விறகு போகிறதே, இதுவும் போகாதா? போகாது. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஈரச் சில்லைக் காயவைக்க இடமும் வெயிலும் ஆளும் வேண்டும். அதனால் மூடாக்குக்குத்தான் கொடுக்கிறேன். மண்ணின் மேலே பரப்பச் சொல்கிறேன். மண்ணுக்குள் கலந்தால் மட்கும் வரை அது தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், செடி மஞ்சளடிக்கும். தென்னைக்குக் கேட்பவர்களிடம் குவித்து வைக்காதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. மட்கும் குவியலில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். குவித்தே ஆகவேண்டும் என்றால் வண்டின் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலக்கலாம்.

விறகு பொறுக்கும் பெண்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மெஷின் வந்ததும் அவர்கள் பங்கு குறைந்துவிட்டது. சிலிண்டர் எல்லா வீட்டிலும் இருக்கிறது, வெந்நீருக்கு மட்டும் இன்னும் விறகுதான். கிளை தரையில் கிடக்கும் அரை நாளில்தான் அவர்கள் வருவார்கள். இப்போது கிளை கிடப்பதே இல்லை. மணிக்கட்டுத் தடிமனுக்கு மேல் எதையும் மெஷினில் விடவேண்டாம் என்று வைத்திருக்கிறேன். கத்திக்கும் அது நல்லது. ஆனாலும் சுள்ளிக்கு வருகிறவர்களுக்கு அது போதாது. இதற்கு என்னிடம் வழி இல்லை.

பைப்பில் தட்டி மெஷின் இப்போதும் நிற்கத்தான் செய்கிறது, காகிதப்பூவில். கத்தி எவ்வளவு கூராக இருந்தாலும் சரி, அந்தக் கொடி வளைந்து, எகிறி, முள்ளோடு வாயின் இரண்டு பக்கமும் விரிந்து பைப்பைத் தட்டிவிடும். சரவணம்பட்டியில் ஒரு மதில் முழுக்கப் படர்ந்திருந்ததை வெட்டிய அன்று, மெஷின் நின்று நின்று எல்லோருக்கும் பொறுமை போய்விட்டது. டிரைவர் பையன் என்னிடம் வந்து, "அண்ணா, இன்னிக்கு மட்டும் கட்டிக்கலாமுங்களா?" என்று கேட்டான். அவன் கேட்டுவிட்டுக் கட்ட நினைத்ததே எனக்குப் பெரிய விஷயம். வேண்டாம் என்று சொல்லி, மெஷினை நிறுத்தி, மிச்சத்தைப் பழையபடி மிதித்து அமுக்கிக் குட்டியானையில் ஏற்றினோம். இரண்டு லோடு கூடுதலாகப் போனது, அந்த வேலையில் எனக்கு லாபம் இல்லை. அதற்குப் பிறகு போனில் விலை சொல்லும்போதே, மதிலில் காகிதப்பூ இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறேன். இருந்தால் அதற்குத் தனி ரேட்.